வெளுத்த காலர்

அன்புள்ளவளுக்கு,

இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். என் நீலச் சட்டைகளின் காலர் வெளுத்ததற்குக் காரணம் நீயல்ல, நான்தான்.

"என்ன மாமா, இந்த வயசுல பருவா? மறுபடியும் காலேஜ் சேரப் போறீங்களா?" என்று உன் தம்பி எல்லோர் முன்பும் கேட்டானே, அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மறுநாளே பருவுக்குப் போடும் பென்சாயில் பெராக்சைடு ஜெல் வாங்கி, பீரோவுக்குப் பின்னால் ஒளித்துவைத்து, தாடையிலிருந்து கழுத்துவரை தினமும் அப்பினேன்.

"சத்தியமா நான் ப்ளீச் போடலைங்க" என்று நீ அழுதாய். வேண்டுமென்றே செய்தாய் என்றேன். நீ பெட்டியோடு அம்மா வீட்டுக்குப் போனாய்.

தோல் உரிந்து எரியவே, போன மாதம் டாக்டரிடம் போனேன். "சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிற மாதிரி அடிச்சிருக்கீங்களே சார்! எரிச்சல் அடங்குற வரைக்கும் நிறுத்துங்க. அப்புறம் பட்டாணி அளவு, ஒருநாள் விட்டு ஒருநாள். நல்லா காய்ஞ்ச பிறகு சட்டை போடுங்க, இது துணியை வெளுத்துடும்" என்றார். நாற்காலியிலேயே கூனிக்குறுகிப்போனேன்.

அன்றைக்கே உன்னை அழைத்திருக்க வேண்டும். உன் தம்பி சிரிப்பானே என்று சும்மா இருந்துவிட்டேன்.

இனி அவன் சிரிக்கட்டும். நீ வந்துவிடு. கீழே பெயர் எழுதக் கை கூசுகிறது. எழுதாமலேயே தபாலில் போடுகிறேன்.