பலகையில் என் பெயர் வேண்டாம்

2023 மார்ச் 9. இன்று எனக்கு எழுபத்தொரு வயதும் நான்கு நாட்களும்.

தங்கைக்கு,

நம் பள்ளத்தாக்கில் மருத்துவ நிலையம் கட்டப் பணம் திரட்டும் நடைப்பயணத்தை நீதான் வழிநடத்துகிறாய். வெளிநாட்டவர்கள் உன் தேய்ந்த செருப்பைக்கூடப் படம் எடுக்கிறார்கள். நேற்று கணவாயில் நான் உட்கார்ந்ததும், "என்ன டாக்டரம்மா, மூச்சு வாங்குதா? ஒட்டகத்துல ஏறிக்க, அது பட்டமெல்லாம் கேக்காது!" என்று கத்தினாய். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

கெய்ரோவில் மருத்துவராகி, முப்பது ஆண்டுகள் மனு எழுதியும், சினாய் மலைக்குள் ஒரு செவிலியரைக்கூட என்னால் வரவழைக்க முடியவில்லை. ஆடு மேய்த்த நீ எட்டு நாள் நடந்தே சாதிக்கிறாய்.

அந்த நிலையத்துக்கு, குலத்தின் முதல் படித்த பெண் என்று என் பெயரைச் சூட்டச் சொன்னாயாம். வேண்டாம்.

சிறுவயதில் உன் பையை வேலமரத்தில் மாட்டிவிட்டு ஆடுகளோடு மேலே போவாய். மரத்தில் தொங்கும் பொருளை நம்மவர் எவரும் தொடமாட்டார்கள். மாற்றலாகிப் போன ஆசிரியர், நகரப் பள்ளியில் கிடைத்த ஒரே இடத்துக்கான கடிதத்தை அந்தப் பையில் வைத்துவிட்டுப் போனார்.

நான் தொட்டேன். அதிலிருந்த உன் பெயரைச் சுரண்டிவிட்டு என் பெயரை எழுதிக்கொண்டேன்.

உன் அக்கா