எல்லா வாரமும் 'சரி' என்று போட்ட அட்டை

அன்பு மகளுக்கு அப்பா ஆசியோடு எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும், எனக்கு வேறு வேண்டுதல் இல்லை. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, முழங்கால் மட்டும் மாடிப்படி ஏறும்போது முனகுகிறது, லிப்ட் மெக்கானிக் படியேறிப் போகிறான் பார் என்று சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும். போனில் சொன்னால் நீ நடுவில் புகுந்து என் வாயை அடைத்துவிடுவாய், அதனால்தான் தாளை எடுத்தேன். முழுவதும் படித்துவிட்டு அப்புறம் கோபப்படு.

போன ஞாயிற்றுக்கிழமை நீ சந்தோஷமாகச் சொன்னாயே, "அப்பா, எங்க ஆப்பை விடாம தொறக்கிறதுல நீங்கதான் முதல் ஆளு, நூத்திப் பன்னெண்டு நாள்ல ஒருநாள் கூட விடலை" என்று. அம்மா தவறிப்போன மறுமாதம் நீதான் வந்து அதை என் போனில் போட்டுவிட்டுப் போனாய், மனசு சோர்ந்திருக்கிறவர்களுக்காக உங்கள் கம்பெனி செய்தது, தினமும் காலையில் ஐந்து முகங்களில் ஒன்றை அமுக்க வேண்டும். யார் எத்தனை நாள் விடாமல் திறக்கிறார்கள் என்று பார்ப்பதுதான் உன் வேலை. அடுத்த மாதம் முதல் திங்கட்கிழமை ஒரு மில்லின் முதலாளிகளுக்கு முன்னால் பேர் போடாமல் என் நூற்றுப் பன்னிரண்டு நாள் கணக்கைப் படமாகப் போட்டுக் காட்டப் போகிறாயாம். அவர்கள் ஒத்துக்கொண்டால் அறுநூறு தொழிலாளிக்கும் இந்த ஆப்தான், இதுவரை வாரம் இரண்டு நாள் மில்லுக்கு வந்து ஒரு அறையில் உட்கார்ந்து அவர்கள் மனக்கஷ்டத்தைக் கேட்கிற ஆலோசகர் அம்மா இனி வரவேண்டியதில்லை. நானும் தலைகால் புரியாமல் சந்தோஷம்மா என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். வைத்த பிறகு சோறு இறங்கவில்லை.

உண்மையைச் சொல்கிறேன் கேள். வாடிய முகத்தை அமுக்கினால் அது பதினோரு கேள்வி கேட்கிறது, அதற்குள் என் பஸ் போய்விடும். சிரிக்கிற முகத்தை அமுக்கினால் சபாஷ் என்று சொல்லி விட்டுவிடுகிறது. அதனால் தினமும் சிரிக்கிற முகம். கையில் கிரீஸ் இருக்கிற நாளில் என்கூட வேலை செய்கிற பம்பரம்தான் அமுக்குவான், ஒரு இடத்தில் நிற்கமாட்டான் என்பதால் அவனுக்கு அந்தப் பேர். நடுவில் ஒருநாள் அழுகிற முகம் விழுந்ததென்று நீ மத்தியானமே பதறிக்கொண்டு கூப்பிட்டாய், ஞாபகம் இருக்கிறதா? கை தவறிவிட்டது என்று சொன்னேன், நீயும் அந்த முகத்தை மட்டும் கணக்கில் சேர்க்காமல் தள்ளிவிட்டாய். கை தவறவில்லை. பம்பரம் அமுக்கியது. போனை வைத்துவிட்டு ஏன்டா என்று சத்தம் போட்டேன், அவன் மோட்டாரைப் பார்த்துக்கொண்டே, "என்னைய யாருண்ணே கேக்குறா, உங்க போனாவது என்ன சொல்லுதுன்னு பாத்தேன்" என்றான். அது மூச்சை நன்றாக இழுத்து விடச் சொல்லியிருக்கிறது. அவன் பெண்டாட்டி பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய் மூன்று வாரம் ஆகியிருந்தது, பக்கத்தில் நின்று ஸ்பேனர் வாங்கிக்கொண்டிருந்த எனக்கு அது தெரியாது, வெட்கமாக இருந்தது. அப்படியே மொட்டைமாடியில் லிப்ட் மோட்டார் இருக்கிற மெஷின் ரூம் வாசலில் உட்கார்ந்தோம், ஒருமணி நேரம் பேசினான். லிப்ட் என்னாச்சு என்று கட்டட மேனேஜர் கீழேயிருந்து கத்தினார், படியில் ஏறி வாருங்கள் உடம்புக்கு நல்லது என்று சொல்லிவிட்டேன்.

ஆக, நீ காட்டப்போகிற நூற்றுப் பன்னிரண்டில் நிஜமானது ஒன்றே ஒன்றுதான், அதுவும் என்னுடையது இல்லை, அதையும் நீ எடுத்துவிட்டாய். எங்கள் தொழிலில் ஒவ்வொரு மெஷின் ரூமிலும் ஒரு அட்டை தொங்கும், வாரா வாரம் சோதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். கயிற்றில் ஒரு இழை விட்டிருக்கிறது, பிரேக் சத்தம் போடுகிறது என்று கிறுக்கி வைத்திருக்கிற அட்டை என்றால் எனக்கு நிம்மதி, யாரோ பார்த்திருக்கிறான். ஒரு வாரம்கூட விடாமல் சரி, சரி, சரி என்று மட்டும் இருந்தால் நான் அந்த லிப்ட் பெட்டியில் ஆளை ஏற்றமாட்டேன். முப்பத்தைந்து வருஷம் இந்தப் புத்தியில்தான் என் கையில் ஒரு உயிர் போகவில்லை. அதே கையால் உனக்குப் பொய் அட்டை எழுதிக் கொடுத்திருக்கிறேன், தப்பு என்னுடையதுதான், ஆனால் அதைக் காட்டி அந்த ஆலோசகர் அம்மாவின் அறையைப் பூட்ட நான் விடமாட்டேன். ஆப்பே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அந்த மூச்சுப் பயிற்சியைப் பம்பரம் இப்போதும் செய்கிறான், நல்லதுதான். ஆனால் திறந்தவனெல்லாம் தேறிவிட்டான் என்று எழுதாதே. என் கணக்குப் படத்தை அதிலிருந்து நீக்கிவிடு, முடியாது என்றால் அந்த மில்லுக்கு நானே என் கையெழுத்தில் எழுதுவேன், உன் மேலதிகாரி முறைத்தால் முறைக்கட்டும். நான் மிரட்டுகிறேன் என்றே வைத்துக்கொள்.

சாயங்காலம் எனக்கு வீட்டுக்குள் நுழையப் பிடிக்கவில்லை அம்மாடி. பூட்டைத் திறந்ததும் உள்ளே ஒரு சத்தமும் இல்லை. அதனால் கடைசி வேலையை வேண்டுமென்றே இழுக்கிறேன், பழுதில்லாத கதவைக் கழற்றி மாட்டுகிறேன். உன் அம்மா போனதிலிருந்து இப்படித்தான், உன்னிடம் மறைத்தேன், இனி மறைக்கமாட்டேன்.

நீங்கள் மூவரும் நூறு வருஷம் நன்றாக இருங்கள். குட்டிக்கு என் முத்தம். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, இனி போன் பண்ணும்போது எப்படி இருக்கீங்க என்று கேள், நல்லா இருக்கேன் என்று சொல்வேன், நம்பாதே, இன்னொரு தடவை கேள்.

இப்படிக்கு,
உன் அப்பா