ஒரே அறைக்கு இரண்டு விலாசம்

அன்பு மகள் சின்னவளுக்கு அம்மா எழுதுவது. நீ அங்கே நோய் நொடி இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு, நன்றாக இருக்க வேண்டும். நாங்களும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், அது பாதி உண்மை. மீதிப் பாதியை உன் அண்ணன்கள் இதற்குள் போனில் தங்களுக்குத் தோன்றியபடி சொல்லியிருப்பார்கள், நடந்ததை நீ என்னிடமிருந்தும் கேட்க வேண்டும். நானும் போனில் பேசலாம்தான், ஆனால் உன் குரலைக் கேட்டதும் உன்னைத்தான் விசாரிக்க ஆரம்பிப்பேன், அப்புறம் சொல்ல வந்தது பாதியில் நின்றுவிடும். நான் இப்போது துறைமுகத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு சலவைக் கடையின் மாடியில் இருக்கிறேன். ஒற்றை அறை. அப்பாவும் என்னோடுதான் இருக்கிறார். பதறாமல் முழுசும் படி.

உன் ஆபீசில் உனக்குக் கொடுத்த கப்பல் பயணத்தை எங்கள் பெயருக்கு மாற்றி அனுப்பினாயே, அந்தப் புண்ணியம் உன்னைச் சேரட்டும். கப்பல் என்றால் ஒரு ஊரையே தூக்கி மிதக்கவிட்ட மாதிரி இருக்கும் என்று நினைத்திருந்தேன். இது சின்னதுதான், ஒரு கல்யாணக் கூட்டம்கூட இருக்காது. ஏறும் இடத்தில் கேப்டனே நின்று எல்லாருக்கும் கை கொடுத்தார். அப்பா தன் கையைச் சட்டையில் நன்றாகத் துடைத்துவிட்டுக் கொடுத்தார். எங்கள் அறையில் படுத்தபடியே கடல் தெரியும். ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் ஆயுசு முழுக்க விரிப்பு மடித்தவள் நான், அந்தப் படுக்கை விரிப்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு உட்காரவே மனசு வரவில்லை, கசங்கிவிடுமே என்று. அப்பா அச்சகத்துப் புத்தி போகாமல், சாப்பாட்டு அட்டையில் இரண்டு எழுத்துப்பிழை கண்டுபிடித்துப் பேனாவால் திருத்தி வைத்தார், பரிமாறும் பையன் சிரித்தான். முதல் நாள் இப்படித்தான் இருந்தது, சந்தோஷமாக.

அதற்கப்புறம்தான் அவரை உற்றுப் பார்த்தேன். நீ தூரத்தில் இருப்பவள், உனக்கு எல்லாம் தெரிந்திருக்க நியாயமில்லை. நம் வாடகை வீட்டைக் காலி செய்தபோது, பெரியவன் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் கூட்டிப் போய்வர அப்பா அவன் ஊருக்கு, நடுவன் குழந்தையைப் பார்த்துக்கொள்ள நான் இவன் ஊருக்கு என்று பிரித்தார்கள். கொஞ்ச நாளைக்குத்தானே என்று நானும் தலையாட்டினேன். அந்தக் கைக்குழந்தை இப்போது எழுத்துக்கூட்டிப் படிக்கிறது. அப்பாவும் நானும் போனில் பேசுவோம். சாப்டியா, தூங்கினியா, அவ்வளவுதான், அதற்கு மேல் அவருக்கு வார்த்தை வராது, பக்கத்தில் யாராவது இருப்பார்கள். கப்பலில் அவர் காபி குடித்து முடித்ததும் கோப்பையைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்குப் போய்க் கழுவி, தன் துண்டால் துடைத்து, மூலையில் தனியாகக் கவிழ்த்து வைத்தார். இது எதுக்கு, அவங்க எடுத்துப்பாங்களே என்றேன். பழகிடுச்சு என்றார். சாப்பாட்டுக் கூடத்தில் யார் வேண்டுமானாலும் எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், அவர் ஒரு ரொட்டித் துண்டுக்கு என் முகத்தைப் பார்த்து, எடுத்துக்கலாமா என்று கேட்டார். நானே இரண்டு துண்டு எடுத்து அவர் தட்டில் வைத்தேன். பெரியவனும் அவன் பெண்டாட்டியும் கெட்டவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன், அடித்தார்கள் திட்டினார்கள் என்று ஒன்றும் கிடையாது. அந்த வீட்டில் அவருக்கு வேலை இருந்தது, பேச ஆள் இல்லை, அவ்வளவுதான். அவ்வளவே ஒரு மனுஷனை இப்படி உருக்கிவிடும் என்று நான் நினைத்துப் பார்க்கவில்லை.

போகப்போக அவருக்கு முகம் தெளிந்தது. மேல் தளத்தில் இரண்டு நாற்காலியைச் சேர்த்துப் போட்டு உட்கார்ந்துகொள்வோம். பேசாமலே உட்கார்ந்திருப்பார், திடீரென்று ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார், நீ பிறந்த நாளில் அச்சகத்து முதலாளி அவசர வேலை என்று அவரை விடாமல் பிடித்துவைத்த கதையெல்லாம் வரும். நான் கீழே சலவை அறைப் பக்கம் மோப்பம் பிடித்துக்கொண்டு போய், அங்கே பொறுப்பாக இருந்த பெண்ணோடு சிநேகமாகிவிட்டேன். கப்பலில் எல்லாரும் அவளை நீராவி என்றுதான் கூப்பிடுகிறார்கள், வாயைத் திறந்தால் அப்படி ஒரு வேகம். தன் அக்கா துறைமுகத்துத் தெருவில் கடை வைத்திருக்கிறாள், மடிப்புத் தெரிந்த ஆள் கிடைக்காமல் திண்டாடுகிறாள் என்று சொன்னாள். நான் அதைக் காதில் வாங்கிக்கொண்டதோடு சரி.

கரை சேர்வதற்கு முந்தின நாள் சாயங்காலம் அறையைச் சுத்தம் செய்யும் பெண் பெட்டியில் கட்டும் விலாச அட்டைகளைக் கொண்டுவந்தாள். அப்பா தன் பெட்டிக்குப் பெரியவன் விலாசத்தை எழுதினார், நான் என் பெட்டிக்கு நடுவன் விலாசத்தை எழுதினேன். அவள் வாங்கிப் பார்த்துவிட்டு, தப்பா எழுதிட்டீங்கம்மா, ஒரே ரூம்ல இருக்கீங்க, ரெண்டு வேற வேற ஊர் போட்டிருக்கே என்றாள். அவள் கேட்டதில் விகல்பம் கிடையாது. நான் பதில் தேடுவதற்குள் அப்பா எழுந்து குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டார். தண்ணீரைத் திறந்துவிட்ட சத்தம் கேட்டது, அதற்கு மேலேயும் அவர் அழுகிற சத்தம் கேட்டது. உன் தாத்தா செத்தபோதுகூடச் சத்தம் போட்டு அழாதவர். கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு கெஞ்சினேன், கதவைத் திறங்க, எனக்குப் பயமா இருக்கு என்று. உள்ளேயிருந்து, நீ எங்க கூப்பிட்டாலும் வரேன், அங்க மட்டும் திருப்பி அனுப்பாதே என்றார். அனுப்புவதும் வைப்பதும் என் கையிலா இருக்கிறது. கப்பலின் போனில் பெரியவனைக் கூப்பிட்டு அப்பா அழுததைச் சொன்னேன், அப்பாவுக்கு இங்க என்னம்மா குறை, தனி ரூம் கொடுத்திருக்கேன் என்றான். நடுவனைக் கூப்பிட்டு, அப்பாவை விட்டுட்டு எப்படி வருவேன் என்றேன், திங்கக்கிழமை உன் மருமக வேலைக்குச் சேரணும், இப்பப் போய் இப்படிப் பண்ணாதேம்மா என்றான். இரண்டு பேர் சொன்னதிலும் பொய் கிடையாது. நடுக்கடலில் போனை வைத்துவிட்டு நின்றேன், குதித்தால்கூட யாருக்கும் லாபம் இல்லை என்று தோன்றியது. அம்மா இப்படி எழுதுகிறாளே என்று நினைக்காதே, தோன்றியதைத்தான் எழுதுகிறேன்.

மறுநாள் காலையில் கரையில் இரண்டு பேரும் இரண்டு வண்டியோடு வந்து நின்றார்கள். அப்பா என் கைப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் சேர்க்க வந்த பிள்ளை மாதிரி நின்றார். பெரியவன் வந்து பெட்டியைத் தூக்கினான். ஏறுங்கப்பா, எல்லாரும் பாக்கறாங்க என்றான். எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ, எங்க ரெண்டு பேரையும் சேர்த்து எந்த வண்டி ஏத்திக்குதோ அந்த வண்டியில ஏறறோம் என்றேன். பெரியவன் நடுவனைப் பார்த்தான், நடுவன் பெரியவனைப் பார்த்தான். பெரியவன் தரையைப் பார்த்துக்கொண்டு, இருக்கறது மூணு ரூம்மா என்றான். நடுவன் வண்டிச் சாவியைத் திருகிக்கொண்டு நின்றான். வெயில் ஏறிக்கொண்டே போனது. இரண்டு வண்டியின் பின் சீட்டும் காலியாகத்தான் இருந்தது, சின்னவளே. நான் பெரியவன் கையிலிருந்து பெட்டியை வாங்கிக்கொண்டு, நீராவி சொன்ன தெரு எங்கே என்று காவலாளியிடம் கேட்டேன். நடுவன் பின்னாலேயே கொஞ்ச தூரம் வந்தான், அம்மா அம்மா என்று கூப்பிட்டான். நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இந்நேரம் அவன் வீட்டு அடுப்படியில் நின்றிருப்பேன்.

இங்கே காலையில் கீழே நீராவியின் அக்கா கடையில் துணி மடிக்கிறேன், மாடி அறை அதற்காகத் தந்ததுதான். முட்டி வலிக்கிறது. அறையின் ஒரு பக்கச் சுவர் இஸ்திரிச் சூட்டில் எப்போதும் கொதிக்கிறது, அப்பாவுக்கு இருமல் பிடித்திருக்கிறது, மருந்து வாங்கியிருக்கிறோம். நாங்கள் எத்தனை நாள் தாக்குப்பிடிப்போம் என்று எனக்கே தெரியாது. நேற்று நடுவன் மகள் போனில், பாட்டி உனக்கு என்மேல கோபமா என்று கேட்டது. அப்போதே கிளம்பிப் போய்விடலாம் என்று செருப்பைக்கூட மாட்டிவிட்டேன். அப்பா கட்டிலில் தள்ளி உட்கார்ந்து எனக்கு இடம் விட்டார். செருப்பைக் கழற்றிவிட்டேன்.

உன்னிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று. எங்களைக் கூட்டிக்கொண்டு போ என்று கேட்கவில்லை, உன் நிலைமை எனக்குத் தெரியும். அண்ணன்கள் இனி உன்னைப் பிடிப்பார்கள், நீ சொன்னா அம்மா கேட்பா, அவளைத் திரும்பி வரச் சொல்லு என்பார்கள். அவர்கள் சொல்லும் காரணம் எல்லாம் உனக்கு நியாயமாகத்தான் படும், எனக்கே படுகிறது. இருந்தாலும் நீ சொல்லாதே. யார் சொன்னாலும் தாங்கிக்கொள்வேன், நீ சொன்னால் நான் போய்விடுவேன், அதுதான் என் பயம். உன் காலில் விழாத குறையாகக் கேட்கிறேன், நீ மட்டும் சொல்லாதே.

கல்லைத் தின்றாலும் செரிக்கிற வயசு என்று கண்டதைத் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே. அந்தக் கடைவாய்ப் பல்லைப் போய்க் காட்டு, தள்ளிப்போடாதே. நீ எடுத்த காரியம் எல்லாம் கைகூடி, மனசுக்குப் பிடித்தவர்களோடு சேர்ந்து வாழ எங்கள் இரண்டு பேருடைய ஆசீர்வாதம் உனக்கு எப்போதும் உண்டு.

இப்படிக்கு,
அப்பாவோடு இருக்கும்
உன் அம்மா