பிரிக்கக் கூடாத பாக்கெட்

அட்டைகளோடு தனியாக இருக்கும் என் கணவனுக்கு,

டோலிடோவில் அக்கா வீட்டில்தான் இருக்கிறோம். உன் மகள் ட்ரூடிக்கு இப்போது பரவாயில்லை. நீ கேட்கவில்லை, நானே சொல்கிறேன்.

ஆட்டக்காரர்களின் படம் போட்ட பழைய பேஸ்பால் அட்டைப் பாக்கெட்டைப் பிரிக்காமல் பூட்டி வைக்கத்தான் வாங்குகிறார்கள் என்று ஏழு வயதுக் குழந்தைக்கு எப்படித் தெரியும்? சின்ன வயதில் உனக்குக் கிடைக்காமல் போன ஆட்டக்காரரைப் பற்றி அவளிடம் சொல்லிச் சொல்லி உருகியது நீதானே? உன் பிறந்தநாளுக்கு அவரைத் தேடித்தான் பிரித்தாள். உள்ளே இருந்த அந்தக் காலத்துப் பபிள்கம்மையும் தின்றுவிட்டாள். குழந்தை வாந்தி எடுக்கிறது, நீ கேட்கிறாய்: "அது என்ன விலைன்னு தெரியுமாடி உனக்கு?"

"உள்ள யாரு இருக்காங்கன்னு பாக்க வேணாமாப்பா?" என்றாள்.

என் காரை விற்று உன் அட்டை அலமாரியை நிரப்பினாய். பஸ்ஸில் வேலைக்குப் போனேன். வாயைத் திறந்தேனா?

இத்துடன் ஓர் அட்டை வைத்திருக்கிறேன். நீ தேடிய ஆளேதான். அந்தப் பாக்கெட்டில்தான் இருந்தார். அவர் முகத்தின் மேலேயே சிவப்புப் பேனாவால் 'அப்பாவுக்கு' என்று எழுதியிருக்கிறாள். இனி இதை ஒருவனும் வாங்க மாட்டான்.

இதையாவது வைத்துக்கொள்.

இன்னமும் உன் மனைவி