ஃபானுக்குள்ள கிடந்த செவ்வந்தி

இஞ்சாருங்கோ,

வேலையால வந்து கொம்ப்யூட்டரைக் கழட்டவேண்டாம். அந்த ஃபான் சத்தம் நிண்டிட்டுது!

நீங்கள் கொம்ப்யூட்டரைப் பூட்டினதில ஒரு பிழையும் இல்லை. சரஸ்வதி பூசைக்கு நீங்கள் வேண்டாம் எண்டு சொல்லச் சொல்ல, அதுக்கு மேல நான் செவ்வந்தி மாலை போட்டனெல்லே? அந்த மாலை நூல் ஒரு காய்ஞ்ச பூவோட மேல் ஃபானுக்குள்ள விழுந்து, இறக்கையில அடிச்சுக்கொண்டு கிடந்திருக்கு. காலமை தூசு தட்டேக்கதான் கண்டன். பிளக்கைக் கழட்டிப்போட்டு, சாமணத்தால கவ்வி இழுத்தெடுத்தன். இப்ப ஃபான் ஓடுதோ எண்டு, காத்து வாற இடத்தில கையை வைச்சுத்தான் பார்க்கவேணும்.

கொம்ப்யூட்டர் கடை ஐங்கரன் அண்ணை அஞ்சு மணிக்குப் புது ஃபானோட வருவார். தேவையில்லை எண்டு சொல்லி, தேத்தண்ணி குடுத்து அனுப்புங்கோ. பூ விசயத்தை மட்டும் அவருக்குச் சொல்லிப்போடாதேங்கோ!

புட்டு அடுப்புக்கு மேல இருக்கு. கத்தரிக்காய்க் குழம்பைச் சூடாக்குங்கோ.

தேனுஜா

பி.கு.: "உங்களுக்கு ஒழுங்காப் பூட்டத் தெரியாது" எண்டு கத்தினது என்ர பிழைதான். நீங்கள் கதையாமல் இருந்த மூண்டு நாளும் வீட்டில அந்த ஃபான் சத்தம்தான் எனக்குத் துணை. இப்ப அதுவும் இல்லை. நான் ஏழு மணிக்கு வருவன், நீங்கள்தான் ஏதாவது கதைக்கவேணும்.