அம்மாவின் விரல்கள் வீங்கியிருக்கின்றன

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் பாப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில்தான் பேனாவை எடுத்தேன், இங்கே நாங்களும் அப்படியே என்று எழுதத்தான் மனம் வரவில்லை. வீடியோவில் கூப்பிட்டால் அம்மா எதிரே வருவதேயில்லை, என்மேல் என்ன கோபம் என்று கேட்டிருந்தாய். கோபமெல்லாம் இல்லை கண்ணு. அவள் கை இரண்டும் வீங்கிக் கிடக்கிறது, நீ பார்த்துவிடக் கூடாதென்று சமையலறைக்குள் போய் நின்றுகொள்கிறாள். காது கேட்காத, வாய் பேசாத அவளுக்குக் கைதானே பேச்சு, இப்போது ஒவ்வொரு சொல்லும் வலிக்கிறது.

அச்சகத்தில் தாள் மடித்து மடித்து வந்த வலி என்றுதான் முதலில் இருந்தோம். டாக்டர் பார்த்துவிட்டு மூட்டுவாதம் என்றார். உடம்பைக் காக்க வேண்டிய காவலே ஆள் தெரியாமல் மூட்டுகளைத் தாக்குகிறதாம். அங்கே ரத்தக் குழாய்கள் விரிந்து, நீர் கசிந்து வீங்குகிறது, ப்ரோஸ்டாகிளாண்டின் என்று ஒரு பொருள் ஊறி நரம்பு முனைகளைக் கூச வைக்கிறது, அதனால்தான் போர்வை பட்டால்கூட அடிபட்டதுபோல் துடிக்கிறாள். எனக்குத் தெரிந்த சைகையில் இதைச் சொன்னேன், பாதிதான் வந்தது. "எம்மேலயே எனக்குக் கோபமா?" என்று கேட்டாள். கிட்டத்தட்ட அப்படித்தான் என்றார் டாக்டர்.

அவர் கொடுத்த மாத்திரை அந்தப் பொருளை ஊறவிடாமல் தடுப்பது. போட்டுக் கொஞ்ச நேரத்தில் விரல் மடங்கும், அக்கம்பக்கத்துக் கதையெல்லாம் கொட்டித் தீர்ப்பாள், "உப்புக்கு என்ன பஞ்சம் இந்த வீட்ல?" என்று என் சமையலைக் கிண்டல் செய்வாள். இன்னும் பேச ஆசைப்பட்டு எனக்குத் தெரியாமல் கூடுதலாகவும் போட்டிருக்கிறாள். போன மாதம் மலம் தார்போல் கறுப்பாகப் போய் மயங்கி விழுந்தாள். இரைப்பையில் புண், ரத்தக் கசிவு. வலியைக் கூட்டுகிற அதே பொருள்தான் வயிற்றின் உள்சுவரைக் காப்பதும், மாத்திரைக்கு இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாதாம். இனிமேல் அதைத் தொடவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வேறு மருந்து தொடங்கியிருக்கிறார், அது பிடிக்கச் சில மாதம் ஆகுமாம், பிடிக்கும் என்று உறுதியும் தரவில்லை. நேற்று ஒன்றே ஒன்று வாங்கித் தரச் சொல்லிக் கெஞ்சினாள். நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன். லிப்ட் பழுதுபார்க்கிறவன், எந்த வயரைக் கழற்றினால் எது நிற்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன், இவள் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்கிறேன்.

உனக்கு முதுகு வலி என்று எழுதியிருந்தாயே, கடையில் நீயாக மாத்திரை வாங்கி வெறும் வயிற்றில் போடாதே, டாக்டரைக் கேள். கடிதம் எழுதுகிறேன் என்றதும் அம்மாவும் எழுந்து வந்தாள். கை வலிக்கும், நாளைக்குச் சொல் என்றேன். "நீங்களும் என் வாயைக் கட்டுறீங்களா?" என்று முறைத்தாள். பாப்பாவுக்குக் கையால் பேசவும் சொல்லிக்கொடுக்கச் சொன்னாள். பிறகு வேறு ஏதோ தொடங்கினாள், கை நெஞ்சுவரை வந்து பாதியில் நின்றுவிட்டது, விரல் மடங்கவில்லை. மறுபடி முயன்றாள். இதுவா அதுவா என்று கேட்டுப் பார்த்தேன், எல்லாவற்றுக்கும் இல்லை என்று தலையாட்டிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நடக்கும் முன்பே அவள் கையைப் படித்தவள் நீ. அது என்னவாக இருக்கும் என்று உனக்குத் தெரிந்தால் எழுதம்மா, எனக்குத் தெரியவில்லை.

மூவரும் நோய்நொடியில்லாமல் நீடு வாழ வேண்டும்.

உன் அப்பா