அவர்கள் சாட்டுச் சொல்வதில்லை

ஜூன் 9, ஞாயிறு

மழை. நேற்றும் மழை. லண்டனில் ஜூன் மாதம் என்று பெயர், கம்பளிச் சட்டையைக் கழற்ற முடியவில்லை. தோய்த்த உடுப்பு எல்லாம் ஹீட்டருக்கு மேல். மகள் விமலா ஷிப்டுக்குப் போய்விட்டாள். கத்தரிக்காய் வாங்க வேண்டும். மார்க்கெட்டில் அந்த மொட்டையனிடம் வாங்குவதில்லை, போன மாதம் அழுகினதை அடியில் போட்டுத் தந்தவன்.

எழும்பியதும் டிவியில் ஆட்ட முடிவுகள் போடுகிற எழுத்துப் பக்கம். ரிமோட்டில் மூன்று இலக்கம் அமத்தி, பக்கம் சுற்றி வரும்வரை நிற்க வேண்டும். டொரன்டோ 5, மற்றது 2. மற்றது எந்த ஊரோ. ஐந்தாம் வகுப்போடு மறித்துவிட்டார்கள், இங்கிலிஷ் வாசிக்கத் தெரியாது. டொரன்டோ மட்டும் தெரியும். கனடாவில் இருக்கிற என் சின்ன மகனின் விலாசத்தை ஐந்து வருடமாகக் கடித உறையில் பார்த்துப் பார்த்து எழுதியதில் அந்தச் சொல்லின் முகம் தெரியும்.

மூன்று மணிக்கு போன். சின்னவன் குகன்.

"சுகமா இருக்கிறியளே அம்மா?"

"இருக்கிறன். ஸ்பொன்சர் அலுவல் என்ன மாதிரி?"

"அது ஓடிக்கொண்டிருக்கு. இந்தா, அபி கதைக்கப் போறாளாம்."

அபி அவன் மகள். ஒன்பது வயது. நாலு வயது வரை யாழ்ப்பாணத்தில் என் கையால் தின்றவள். இப்போது தமிழில் மிச்சம் இருப்பது அப்பம்மா, அம்மம்மா, வேண்டாம், இங்கிலிஷுக்கு நடுவே இன்னும் ஒன்றிரண்டு சொல்.

"அப்பம்மா, வீ வொன்."

"ஓம். அஞ்சுக்கு ரெண்டு."

"யூ நோ!" அவளுக்குப் பெரிய சந்தோஷம்.

பேஸ்போல் கதை ஒன்பது நிமிடம். ஸ்பொன்சர் கதை அரை நிமிடம்.

ஜூன் 11, செவ்வாய்

கால் வீக்கம். உப்புத் தண்ணீரில் வைத்தேன்.

டொரன்டோ தோற்றது. 1–6.

என்னைக் கனடாவுக்குக் கூப்பிடாததற்குச் சின்னவன் சொன்ன சாட்டுகள். எழுதி வைக்கத் தேவையில்லை, எனக்கு மறக்காது. ஆனாலும்:

87 — வேலை நிரந்தரம் இல்லை.
88 — வீடு சின்னது.
89 — பெரிய வீடு, ஆனால் சம்பளக் கடிதம் காணாது.
90 — லோயர் மாறிவிட்டார். என் பிறப்புச் சான்றிதழ் வேண்டுமாம், மூலப் பிரதி. பங்குனியில் பதிவுத் தபாலில் அனுப்பினேன். ஊரில் அதை எடுக்க ஆறுமுறை கந்தோருக்கு நடந்தவள் நான்.
91 — "ஓடிக்கொண்டிருக்கு."

கட்டிலுக்கு அடியில் சூட்கேஸ். புதிது. போன கோடையில் வாங்கியது. உள்ளே அபிக்குப் பாவாடை சட்டை. இப்போது அளவு காணாது.

ஜூன் 14, வெள்ளி

மழை. கோயிலுக்குப் போகவில்லை.

மருமகன் பின்னேரம் வந்து சப்பாத்தைக் கழற்றும்போதே தொடங்கிவிட்டார். "மாமி, மழையெண்டு கிரிக்கெட் நிண்டுபோச்சு. உங்கட ஆக்கள் என்ன மாதிரி?"

"வெண்டிட்டினம். நாலுக்கு மூண்டு."

"அது கிரிக்கெட் ஏலாத ஆக்கள் விளையாடுறது மாமி."

"உங்கட ஆக்கள் அஞ்சு நாள் விளையாடி, ஒருத்தரும் வெல்லாமல் வீட்டை போறவை."

"சரி, சரி. கோபிக்காதேங்கோ. தேத்தண்ணி இருக்கே?"

என்னைச் சீண்டுகிறார். ஆனால் எழுத்துப் பக்கத்தைக் கண்டுபிடித்துத் தந்தவரும் அவர்தான். எண்பத்தொன்பதில் அபி போனில் ஏதோ ரண், ரண் என்று கத்தினாள், எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஓம் பிள்ளை, ஓம் பிள்ளை என்றேன். அடுத்த ஞாயிறு மறுமொழி சொல்ல வேண்டுமே என்று இவரைக் கேட்டேன். ஒரு உறையின் பின்பக்கத்தில் கீறிக் காட்டினார். நாலு மூலை. ஒன்பது சுற்று. அடித்தவன் ஓட வேண்டும்.

அபிக்காகத் தொடங்கியது. பிறகு அப்படி இல்லை. சின்னவனின் கடிதம் மாதத்துக்கு ஒன்று, பிறகு பொங்கலுக்கு ஒன்று. டொரன்டோ ஆக்கள் அனேகமாக ஒவ்வொரு நாளும். தோற்றால் தோற்றது என்று போடுகிறார்கள். லோயர் மாறினான், வீடு சின்னது, ஒன்றும் கிடையாது. 1–6 என்றால் 1–6. ஒரு ஆட்டமும் கண்ணால் கண்டதில்லை. ஒருவன் பெயரும் தெரியாது. ஆனால் தோற்ற நாளில் எனக்குக் கறி உப்புக் கூடுகிறது என்று விமலா சொல்கிறாள்.

ஜூன் 16, ஞாயிறு

மூன்று மணிக்கு போன் இல்லை. நாலு மணிக்கும் இல்லை.

டொரன்டோ 8–0. சொல்ல ஆளில்லை.

ஜூன் 23, ஞாயிறு

இன்றைக்கு முதலில் அபிதான் எடுத்தாள். நேற்று எல்லோரும் ஆட்டம் பார்க்கப் போனார்களாம். அந்த மண்டபத்தின் கூரை திறந்து மூடுமாம்.

"ஆர் ஆர் போனனீங்கள்?"

"மீ, அப்பா, அம்மா, அம்மம்மா. அம்மம்மா ஃபெல் அஸ்லீப்." சிரிக்கிறாள்.

அபிக்கு ஒரே ஒரு அம்மம்மா. மருமகள் சாந்தியின் தாய், கொக்குவில்காரி. கொழும்பில் இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"அம்மம்மா எப்ப வந்தவா பிள்ளை?"

"லோங் டைம். ஸ்னோ இருந்திச்சு."

போன் கை மாறியது.

"அம்மா, நான் சொல்ல இருந்தனான்."

"எப்ப?"

"சாந்தியின்ட அம்மா கொழும்பில லொட்ஜில தனிய இருந்தவா. ஒவ்வொரு கிழமையும் பொலிஸ் வந்து தட்டுறது. நீங்கள் லண்டனில விமலாவோட பாதுகாப்பா இருக்கிறியள்தானே. ரெண்டு பேருக்கும் ஒரே நேரம் ஸ்பொன்சர் கட்ட ஏலாது அம்மா. முதல் அவாவை எடுத்துப்போட்டு..."

"போன வருஷம் என்ர பிறப்புச் சான்றிதழை ஏன் வாங்கினனீ?"

"இந்தா, அபி ஏதோ சொல்லப் போறாளாம்."

வைத்துவிட்டேன். ஐந்து வருடத்தில் முதல்முறை நானாக வைத்தது.

ஜூன் 24, திங்கள்

விமலா சோறு போட்டுக்கொண்டிருந்தாள்.

"உனக்கு எப்ப தெரியும்?"

"சித்திரையில."

"ஏன் சொல்லேல்லை?"

"சொன்னால் சாப்பிட மாட்டியள்."

"இப்ப மட்டும்?"

"இப்பவும் மாட்டியள். ரெண்டு மாதமாவது சாப்பிட்டியளே அம்மா."

மேசை லாச்சியைத் திறந்து ஒரு படம் தந்தாள். விமான நிலையம். கொக்குவில்காரி, குண்டுக் கோட்டு, தலையில் டொரன்டோ அணியின் நீலத் தொப்பி. அபி போட்டுவிட்டிருப்பாள். கொண்டையில் ஏறாமல் சரிந்து நிற்கிறது.

அவள் லொட்ஜில் தனிய இருந்தது உண்மை. பொலிஸ் தட்டியதும் உண்மையாக இருக்கும். அவள் வந்து சேர்ந்ததில் எனக்குக் கோபம் இல்லை. இப்போது எழுதினது பொய். கோபம் உண்டு. குகன் கல்யாணத்தில் என் வடையில் உப்பில்லை என்று நாலு பேருக்கு முன்னால் சொன்னவள். எட்டு வடை தின்றுமுடித்துச் சொன்னவள்.

ஆனால் அவளைவிடச் சின்னவன். சாந்திக்குத் தாயை நினைத்துப் பயம், சரி. நியாயம் இருக்கிறவன் ஏன் ஒளித்தான்.

ஒவ்வொரு ஞாயிறும் நான் ஸ்பொன்சர் என்று வாய் திறக்கிற நேரம் பிள்ளையின் கையில் போன். பிள்ளையின் வாயில் பேஸ்போல். அழுகிற குழந்தைக்குச் சூப்பி வைக்கிற மாதிரி. நானும் சூப்பினேன்.

இனி அந்தப் பக்கம் பார்ப்பதில்லை.

ஜூன் 26, புதன்

பார்க்கவில்லை. பருப்பு அடிப்பிடித்தது.

ஜூன் 28, வெள்ளி

வெயில். ஒரு மணி நேரம். உடுப்பை வெளியே போட்டு எடுப்பதற்குள் தூறல்.

நாலு நாள் பார்க்கவில்லை. நான் பார்க்கவில்லை என்று அவர்கள் விளையாட்டை நிறுத்தியிருக்க மாட்டார்கள். அது ஏனோ காலையில் இருந்து மனதில் நிற்கிறது.

தூசி தட்டப் போனால் டிவிக்கு மேல் ஒரு துண்டு. மருமகனின் எழுத்து.

திங்கள் — ஆட்டம் இல்லை
செவ்வாய் 3–2
புதன் 4–9
வியாழன் 6–1

பின்னேரம் அவர் வந்தபோது தேத்தண்ணிக்கு இரண்டு பிஸ்கட் கூட வைத்தேன். சீதனக் கதையில் இவர் பேசின ஒரு சொல் பதினோரு வருடமாக மனதில் இருக்கிறது. அது அப்படியே இருக்கட்டும். பிஸ்கட் வேறு.

துண்டு இந்தப் புத்தகத்துக்குள்.

ஜூன் 30, ஞாயிறு

காலையில் பக்கம் பார்த்தேன். டொரன்டோ 7–5. நேற்றும் குடும்பத்தோடு மண்டபத்துக்குப் போவதாக விமலாவுக்குச் சொல்லியிருந்தான் சின்னவன்.

மூன்று மணிக்கு போன். விமலா எடுத்து, "அம்மா, உங்களுக்கு" என்று நீட்டினாள். காதில் வைத்தால் கொக்குவில்காரி. அவளை முன்னுக்கு விட்டிருக்கிறார்கள்.

"எப்பிடி அக்கா சுகம்?"

"இருக்கிறன். நீர்?"

"எனக்கென்ன அக்கா. இவை நேற்றும் அந்த மண்டபத்துக்கு இழுத்துக்கொண்டு போனவை. பந்து எங்க போகுது, ஏன் எழும்பிக் கத்துகினம், ஒண்டும் தெரியாது. குளிருக்குத் தொப்பியைப் போட்டுக்கொண்டு நித்திரையாப் போனன்."

"எத்தினைக்கு எத்தினை?"

"என்னது அக்கா?"

"நேற்று."

"ஐயோ, அதை ஆர் பாத்தது."

"ஏழுக்கு அஞ்சு," என்றேன். "எங்கட ஆக்கள் ஏழு."

அவள் குரலைத் தாழ்த்தி, "அக்கா, உங்கட இடத்தில நான் வந்திட்டன் எண்டு எனக்குத் தெரியும்" என்றாள்.

அவள் அப்படிச் சொல்வாள் என்று நான் நினைக்கவில்லை. வடைக் கதையைத் தயாராக வைத்திருந்தேன். சொல்லவில்லை.

"சின்னவனிட்டக் குடும்."

"அம்மா?"

"என்ர பிறப்புச் சான்றிதழைத் திருப்பி அனுப்பு. பதிவுத் தபாலில."

"கோபத்தில கதைக்காதேங்கோ. அடுத்த வருஷம் கட்டாயம், இப்ப லோயர்..."

"சாட்டு வேண்டாம். ஏலாது எண்டு ஒரு சொல்லுச் சொல்லு. அதோட நான் கேக்க மாட்டன்."

பின்னால் கொக்குவில்காரி இருமுகிறாள். ஏதோ பாத்திரச் சத்தம். அந்தச் சொல் வரவில்லை.

"அபியிட்டக் குடுக்கட்டே அம்மா?"

அதே வேலை. தெரிந்துகொண்டே, "குடு" என்றேன்.

"அப்பம்மா, டுடே நாங்கள் வின் பண்ணுவமா?"

"நாளைக்கு விடிய பாத்துச் சொல்லுறன் பிள்ளை."

சும்மா கிடக்கிற சூட்கேஸில் வீட்டு ஆக்களின் குளிருடுப்பைப் போட்டு வைக்கலாமா என்று விமலா கேட்டாள். வை என்றேன். பாவாடை சட்டையைக் கீழ்வீட்டுப் பிள்ளைக்குக் கொடுக்கச் சொன்னேன்.

ஜூலை 1, திங்கள்

மழை.

2–8. தோற்றோம்.